டிராமில் போன லேஸ் திரை

லிஸ்பன் நகரத்தில் கிராசா மேட்டிலேயே பிறந்து கிழவியாகிவிட்ட எர்மெலிந்தாவுக்கு உலகத்தின்மேல் பொதுவாகவும், மூன்று தரப்பின்மேல் குறிப்பாகவும் கோபம் உண்டு. சுற்றுலாப் பயணிகள், நாத்தனார் ஃபெலிஸ்பெலா, செத்துப்போன புருஷன் அனீபால். இறந்தவர்மேல் கோபப்படலாமா என்று பாதிரியார் கேட்டதற்கு, உயிரோடு இருந்தபோது பட்டு முடிக்கவில்லை, மிச்சம் கிடக்கிறது என்றாள்.

அனீபால் செய்த குற்றம் சாமானியமானதல்ல. ஊருக்குப் புதிதாக எவன் பெட்டியும் கையுமாகத் தெருமுனையில் நின்று விழித்தாலும் வழி சொல்வார். சொல்வதோடு விட்டாரா? கூடவே நடந்துபோய் டிராமில் ஏற்றிவிட்டு, எங்கே இறக்க வேண்டும் என்று டிரைவரிடமும் சொல்லிவிட்டு வருவார். "பாவம், விருந்தாளிங்க" என்பார். இதனால் எர்மெலிந்தா எந்தக் கல்யாணத்துக்கும் நேரத்துக்குப் போய் மோதிரம் மாற்றுவதைப் பார்த்ததில்லை. அவர் ஏற்றிவிட்டவர்களெல்லாம் ஊர் திரும்பிச் சொந்தக்காரர்களிடம் புகழ்ந்து, அந்தச் சொந்தக்காரர்கள் கிளம்பி வந்துதான் இருபத்தெட்டாம் நம்பர் டிராமில் உள்ளூர்க்காரருக்குக் கால் வைக்க இடமில்லாமல் போனது என்பது அவள் ஆராய்ந்து கண்ட முடிவு.

அந்த டிராம் கடைசியாகப் போய் நிற்பது கல்லறைத் தோட்டத்து வாசலில். அனீபால் இருப்பது அங்கேதான். குடும்பத்துக்கென்று கட்டிய சின்னக் கல்வீடு, உள்ளே தட்டுத் தட்டாகச் சவப்பெட்டிகள், வாசலுக்குக் கண்ணாடிக் கதவு, கதவுக்கு லேஸ் திரை. அந்தத் திரையின் வெளுப்பையும் விறைப்பையும் பார்த்துத்தான் விதவையின் யோக்கியதையை ஊர் எடைபோடும். கல்லறைத் திருநாளன்று துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட திரை தொங்கியாக வேண்டும். போன வருஷம் டிராம் நெரிசலில் அது கசங்கிப்போய்ச் சேர்ந்தது. கல்லறைக்குப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்கும் ஃபெலிஸ்பெலா, நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள்:

"எங்கண்ணன் உயிரோட இருந்தப்போ கசங்கின சட்டையோடதான் திரிஞ்சான். செத்தப்புறமாச்சும் மாறும்னு பாத்தேன்."

ஆகவே இந்த வருஷம் ஒரு சுருக்கம்கூட விழக் கூடாது. டாக்ஸியில் போகச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி. சொந்த ஊர் டிராமை வந்தவர்களிடம் விட்டுக்கொடுத்துவிட்டு டாக்ஸி பிடிப்பதா என்று அவளோடும் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் எர்மெலிந்தா நிறுத்தத்துக்கு வந்தாள். திரையை ஹேங்கரில் மாட்டி, கொடியைப் போலப் பிடித்திருந்தாள். முதல் டிராம் பிதுங்கி வழிந்தபடி நிற்காமல் போயிற்று. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது வந்தபோது தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

டிரைவர் வாண்டா அதே தெருப் பெண். தலையை நீட்டி, "தள்ளுங்கம்மா, உள்ள இடமில்ல" என்றாள்.

"அந்தப் பெட்டிக்கு மட்டும் இடமிருக்கு. அது என்ன, பிரசவத்துக்கா போகுது?"

பெட்டிக்குச் சொந்தக்காரன் விமான நிலையத்திலிருந்து நேராக வந்த டென்மார்க்காரன். யெப்பே என்று பெயர். கூரையில் தலை இடிக்கும் உயரம். தன் பயண அட்டையை ஜன்னல் கம்பியிலும் கைப்பிடியிலும் மாறி மாறி ஒற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏறிய வேகத்தில் எர்மெலிந்தா அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சரியான மெஷினில் வைத்தாள். மெஷின் கீச்சென்றது. அனீபாலின் வேலையைத் தானே செய்துவிட்டோம் என்று அப்புறம்தான் உறைத்தது. கோபம் இரட்டிப்பாயிற்று.

பின்னாலிருந்து நெருக்கினார்கள். திரையின் ஓரம் ஒரு முதுகுப்பையை உரசியது. எர்மெலிந்தா ஹேங்கரை யெப்பேயின் கையில் திணித்து, விரலை மேலே காட்டி, "தூக்கு" என்றாள். தூக்கினான். டிராம் வளைவுகளில் ஆட, எல்லோர் தலைக்கும் மேலே திரை வெள்ளையாக மிதந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் இது இந்த ஊர்ச் சடங்கு என்று முடிவு செய்து படம் எடுத்தார்கள். யெப்பே மறு கையால் போனை நீட்ட, அது போர்ச்சுகீசியத்தில் இது எந்தப் புனிதருக்கு என்று கேட்டது.

"புனிதரா? செத்துப்போன எம் புருஷனுக்கு" என்று சீறினாள். போன் அதை மொழிபெயர்த்தது. டிராம் முழுக்கத் தொப்பிகள் கழன்றன.

கோட்டைக்குப் போகும் நிறுத்தம் வந்தது. யெப்பே இறங்க வேண்டிய இடம் அதுதான். தூக்கிய கையை இறக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மற்றவர்களுக்கோ சடங்கைப் பாதியில் விட மனமில்லை. கடைசி நிறுத்தத்தில் எர்மெலிந்தா இறங்க, எல்லோரும் வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள்.

கல்வீட்டு வாசலில் சாமந்திப் பூவோடு காத்திருந்த ஃபெலிஸ்பெலா முதலில் திரையைப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை. பிறகு அதற்குப் பின்னால் வந்த ஊர்வலத்தைப் பார்த்தாள். யார் இவர்களெல்லாம் என்று கேட்டாள்.

"உங்கண்ணனோட ஆளுங்க" என்றாள் எர்மெலிந்தா.

திரையை மாட்டினாள். இழுத்து மூடும் முன் இருட்டுக்குள் பார்த்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "இந்தாய்யா, உன் விருந்தாளிங்க. இங்கயும் என்னை நிம்மதியா விட மாட்டியா?"

திரும்பினால் யெப்பே நிற்கிறான், கோட்டைக்கு எப்படிப் போவது என்று போன் கேட்கிறது. எர்மெலிந்தா அவனையும் அவன் பெட்டியையும் அவன் நாட்டையும் திட்டிக்கொண்டே அவனை டிராம் நிறுத்தம்வரை நடத்திப்போய் ஏற்றிவிட்டு, எங்கே இறக்க வேண்டும் என்று வாண்டாவிடமும் சொன்னாள். பூசைக்கு நேரமாகிறது என்று தோட்டத்து வாசலிலிருந்து ஃபெலிஸ்பெலா கத்திக்கொண்டிருந்தாள்.