ரஷ்ய இளவரசனுக்கு ஒரு மன்றாட்டு

நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு ரஷ்யப் பையனுக்கு உடம்பு சுகமாக வேண்டும் என்று போன வாரம் எங்கள் தெருவே மன்றாடியது. அதுவும் என் வீட்டு ஹாலில்!

சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

எல்லாம் என் செல்போனால் வந்தது. பாத்திரக் கடையில் வியாபாரம் மந்தமான ஒரு மத்தியானம், ரஷ்யாவின் கடைசி ராஜா குடும்பத்தைப் பற்றி ஒரு வீடியோ தட்டுப்பட்டது. ஒன்றைப் பார்த்தால் அடுத்தது தானாக வந்து நிற்கிறதே... அவ்வளவுதான், நான் காலி. பித்தளைக் குடம் கேட்டவருக்கு எவர்சில்வர் குடத்தை எடுத்து நீட்டினேன்.

பின்னே என்னங்க? எப்பேர்ப்பட்ட குடும்பம்! ஜார் என்று பட்டம். ஈஸ்டருக்கு முட்டையைக்கூடத் தங்கத்தில் செய்து, வைரம் பதித்துப் பரிசு கொடுத்தவர்கள். கடைசியில்? கிரீடம் போய், யாரோ ஒருவருடைய வீட்டில் காவலில் கிடந்து, ஒரு ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, நிலவறைக்கு இறக்கப்பட்டு... ராஜா, ராணி, நாலு பெண்கள், ஒரே பையன் — அத்தனை பேரையும் புரட்சிக்காரர்கள் சுட்டுவிட்டார்கள். பெண்பிள்ளைகள் உடுப்புக்குள் வைரங்களை ஒளித்துத் தைத்திருந்ததால் முதலில் குண்டுகள் பட்டுத் தெறித்தனவாம்.

இதை மனதுக்குள் பூட்டி வைக்க முடியுமா? அன்பியத்தில் எடுத்துவிட்டேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் சர்ச் பங்கில் தெருவுக்குத் தெரு அன்பியம் என்று ஒரு ஜெபக்கூட்டம் உண்டு. வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். பைபிள் வாசிப்போம், மனதில் பட்டதைப் பகிர்வோம், ஆளாளுக்கு ஒரு மன்றாட்டு சொல்வோம். முடிவில் சுண்டல், டீ. முதல் வாரம் நான் ஜார் விழுந்த கதையைச் சொன்னேன். அடுத்த வாரம் எங்கள் வீட்டு முறை. அன்பியம் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண்கள்கூட வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“ஏங்க, இவுக ஜெபம் பண்ண வாராகளா, உங்க ஜார் கதை கேக்க வாராகளா?” என்று சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே இடித்தாள் என் மனைவி.

மேலே போவதற்கு முன் அமலியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். பேரை மாற்றிவிட்டு எழுதச் சொன்னார். அமலி எங்கள் தெருக்காரர். எட்டாவது படிக்கும் அவர் பையனுக்கு ரத்தம் உறையாத நோய். சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது. அம்மா வழியாகப் பிள்ளைக்கு வருவது. அதனால்தான் ஒரு குஞ்சுக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார். மூத்த மகளுக்கு நெய்க்காரப்பட்டியில் சம்பந்தம் பேசி, பூ வைக்கிற வரைக்கும் வந்திருந்தது. பெண்ணுக்கும் அந்த ரத்தம்தானே என்று யாராவது சொல்லிவிட்டால்?

ஊசி போட மதுரைக்குப் போகும்போதெல்லாம் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்வார். பையனை விளையாட விடமாட்டார். கண்ணாடிப் பொம்மை என்று தெரு கேலி செய்தது. அவர் இல்லாத நேரத்தில் அவன் விழுந்தால் என்ன செய்வது என்று பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இதெல்லாம் அன்றைக்கு எனக்கும் தெரியாது. நான் உற்சாகமாக அவிழ்த்துவிட்டது எந்தக் கதையை? ஜார் மகனின் நோயை!

நம்மையும் ஆண்ட இங்கிலாந்து மகாராணியின் பேத்திதான் இந்த ராணி. பாட்டி வழி வந்த நோய் பையனைப் பிடித்தது. நாளைக்கு நாடாளப் போகிறவனுக்கு இப்படியா என்று ஊர் பேசுமே... மறைத்தாள். ஒரு சாமியார் ஜெபித்தால் வலி குறைகிறது என்று அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆள் அரண்மனைக்குள் ஏன் போய் வருகிறார் என்று ஜனங்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் ஊர் எதை நிரப்பும்? வம்பைத்தான். அந்த வம்பும் சேர்ந்துதான் சிம்மாசனத்தின் காலை அரித்தது.

நான் கதை சொன்னால் எல்லாம் கண்ணெதிரே நடக்கிற மாதிரிதான் வரும். “பையன் அழுகுறான், தாய் தவிக்கிறா” என்றுதான் சொல்வேன். ஸ்டெல்லா அக்கா முதல் வாரம் வரவில்லை. இந்த வாரமும் பாதியில்தான் வந்தார். அமலி மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளைக்குச் சொந்த அத்தை அவர். சம்பந்தத்தைக் கொண்டு வந்ததும் அவரே.

மன்றாட்டு நேரம். ஸ்டெல்லா அக்கா கைகூப்பிக் கண்ணை மூடினார்.

“ரத்தம் நிக்காம தவிக்கிற அந்த ரஷ்யாக்கார ராசா மகனுக்கு நல்ல சுகம் குடும் ஆண்டவரே. யாருகிட்டயும் சொல்ல முடியாம அழுகுற அந்தத் தாயோட கண்ணீரத் தொடச்சுவிடும். ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று நாங்களும் சொல்லிவிட்டோம். வாய்ப் பழக்கம்! அப்புறம்தான் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பையன் செத்து நூறு வருஷம் ஆகிவிட்டது என்று என் மனைவி மெல்ல எடுத்துச் சொன்னாள். ஹாலே சிரித்தது. அக்காவும்தான்.

“அட, இவரு நேத்து நடந்த மாதிரில சொன்னாரு. அப்ப என் மன்றாட்டு வீணா?”

கதவோரத்திலிருந்து அமலி பேசினார்.

“வீணாக வேண்டாம்க்கா. அத எம்பையனுக்கு வச்சுக்கங்க. அவனுக்கும் அதே சீக்குதான்.”

சிரிப்பு பாதியில் நின்றது. எல்லார் கண்ணும் ஸ்டெல்லா அக்கா மேல். அவர் அமலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்ல, அமலி?”

பிறகு ஸ்டெல்லா அக்கா எழுந்து போய் அமலி பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சரி, அதை நாளைக்குப் பாப்போம். இப்ப மன்றாட்டத் திருப்பிச் சொல்லணும். பய பேரச் சொல்லாமச் சொன்னா, ஆண்டவர் சுகத்த ரஷ்யாவுக்குல அனுப்பிருவாரு.”

பேரைச் சொல்லித் திரும்ப மன்றாடினோம். அந்த “கேட்டருளும்” மாதிரி ஒரு சத்தம் எங்கள் ஹாலில் அதற்கு முன் கேட்டதில்லை. என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுண்டல் எடுக்கப் போனாள்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பா அமலிக்குப் போன் செய்தாராம். “ஏனுங்க, கல்யாணத்துக்குப் பொறவு தெரிஞ்சிருந்தா சங்கடமாயிருக்குமுங்க. இப்ப சொல்லிட்டீங்க. டாக்டரைப் பாக்க நாங்களும் வாரோமுங்க.” பூ வைப்பது தள்ளிப் போயிருக்கிறது. முறியவில்லை. பையன் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஜார் மகனுக்கு ஊசி கிடையாது. இவனுக்கு உண்டு. ஆண்டவர் ஊசி வழியாகவும் வருவார் என்று நம்புகிறவன் நான்.

ஜாரின் கடைசி மகள் மட்டும் தப்பிவிட்டாள் என்று ரொம்ப காலம் உலகம் நம்பியது. நான்தான் அவள் என்று எத்தனையோ பெண்கள் கிளம்பினார்கள். எலும்புகளைச் சோதித்து, ஒருவரும் தப்பவில்லை என்று சொன்ன பிறகும் ஜனங்கள் அந்தக் கதையை விடவில்லை. ஏன்? அந்த வீட்டில் ஒரு பிள்ளையாவது பிழைத்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம்தான்.

பாவம் அந்த ராணி. அத்தனை பெரிய அரண்மனை இருந்தது... பக்கத்தில் வந்து உட்கார ஒரு ஸ்டெல்லா அக்கா இல்லையே!