விழப் பழகிய முழங்கால்

கிழமை நாட்களில் பனியில் சறுக்கி விழாமல் இருக்க வாசற்படியில் உப்புத் தூவுகிறோம். சனிக்கிழமை ஆனதும் சறுக்குவதற்கென்றே கார் ஏறுகிறோம். இந்தக் கனடா நாட்டின் நியாயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் ஐம்பது வயதில், அஜக்ஸிலிருந்து வடக்கே போய், வாடகைப் பனிச்சறுக்குச் சப்பாத்துக்குள் காலைத் திணித்து, தண்ணீர் வற்றிய குளத்துக் கொக்குப்போல நிற்கிறேன்.

காரணம் மகள் மயூரி. போன குளிர்காலம் அவளோடு மலைக்குப் போனபோது, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்து பைகளுக்குக் காவல் காத்தேன். சரிவின் அடியில் நின்று அவள் கையசைத்தாள், நான் இல்லாத பக்கத்து யன்னலுக்கு. நான் அந்த யன்னலுக்கு ஓடுவதற்குள் மறுபடி மேலே போய்விட்டாள். அடுத்த மாதம் மீண்டும் மலைப் பயணம். "அம்மா, யூ டோன்ட் ஹாவ் டு. நீங்க உள்ள இருங்கோ, இட்ஸ் ஓகே" என்கிறாள். அந்த ஓகேயைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று நான் சறுக்கப் பழகும் கடைசி வகுப்பு. இந்தச் சின்னச் சரிவை விழாமல் இறங்கினால் மகளோடு மலையேறலாம், இல்லையென்றால் அடுத்த வருடம் என்று பயிற்சி தருகிற லின்டா சொல்லிவிட்டாள். வரிசையாக நின்றோம். வானம் கழுவிக் கவிழ்த்த பீங்கான்போல இருந்தது. திடீரெனச் சரிவோரத்தில் பனி துப்பும் இயந்திரம் வெடிச்சத்தத்தோடு அலறத் தொடங்கியது.

நான் நிலத்தில் கிடந்தேன். குப்புற. முழங்கை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்து. குண்டு போட விமானம் வந்தால் இப்படித்தான் என்று யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பழக்கியிருந்தார்கள். ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் கடைசியாக வந்த நான், ரீச்சரிடம் "வெரி குட்" வாங்கிய ஒரே உடற்பயிற்சி அது. கையுறையோடும் பிழையில்லாமல் செய்திருந்தேன். சறுக்குப் பலகைகள்தான் கழன்று திக்குக்கொன்றாய்க் கிடந்தன.

தலையைத் திருப்பினேன். வரிசையின் மறுகரையில் மஞ்சள் ஜாக்கெட்காரர் ஒருவரும் அதேபோல் கிடந்தார், வாய் திறந்தபடி. இத்தனை கிழமையாக ஒரே வகுப்பு. தலைக்கவசமும் கண்ணாடியும் முகத்துணியுமாக நின்றவரை ஆரென்று கண்டேன்?

"தமிழோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"எவடம்?"

"மானிப்பாய். நீங்கள்?"

"சுன்னாகம். இப்ப யூனியன்வில்."

"உது ஸ்னோ துப்புற மெசின் அண்ணை."

"எனக்குத் தெரியும் தங்கச்சி. உந்த முழங்காலுக்குத்தான் தெரியேல்லை."

லின்டா பதறி ஓடிவந்தாள். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, "ஒரே குடும்பமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"யெஸ், யெஸ்" என்றார் அண்ணை. பிறகு என் பக்கம் திரும்பி, "பின்னை, இந்தக் குளிருக்கை ஊர்க்கதை முழுக்க உந்த மனிசிக்கு ஆர் சொல்லுறது?"

"விழுந்தது கணக்கில் வருமா?" என்று லின்டாவிடம் கேட்டேன்.

"நீ இன்னும் புறப்படவே இல்லையே!"

இயந்திரம் ஓயவில்லை. அதைக் கடந்துதான் இறங்க வேண்டும். பலகைகளை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். கிட்டப் போகப் போக முழங்கால் மடிந்தது, முதுகு கூனியது, உடம்பெல்லாம் படு, படு என்றது.

"பியூட்டிஃபுல்! அப்படியே மடக்கி வா!" என்று கீழே நின்று லின்டா கத்தினாள்.

"படுத்திடாதையும் தங்கச்சி!" என்று மேலே நின்று அண்ணை கத்தினார்.

இருவருக்கும் கீழ்ப்படிந்தேன். நிமிரவுமில்லை, படுக்கவுமில்லை. பாதி மடிந்து, வாயை ஆவென்று திறந்தபடி, முகத்தில் அறைந்த பனித்தூளை விழுங்கிக்கொண்டு சரிவின் அடிவரை இறங்கினேன்.