மேடம் ஆகிப்போன அத்தை

தையல்காரம்மாவின் மகளும் மருமகனும் பிரிந்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அடிதடி, கூச்சல், பஞ்சாயத்து எதுவும் கிடையாது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தங்கமான பிள்ளைகள். ஒரே வீட்டில் வைத்தால்தான் ஒத்துவரவில்லை. மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவன் இங்கேயே, ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் அதே கடையில் இருந்தான்.

இத்தனை நாளும் எட்டிப் பார்க்காதவன், ஒருநாள் காலையில் தையல் கடை வாசலில் வந்து நின்றான். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். உள்ளே நாலு பொம்பளைகள் துணியோடு காத்திருந்தார்கள்.

"மேடம், இந்தப் பேண்ட்டை இடுப்புல ரெண்டு இன்ச் பிடிக்கணும்."

மேடமாம்! உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை அவள் விழுங்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

ஏன் என்றால், அவன் கல்யாணத்துக்குப் பிறகு அவளை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தவன் இல்லை. அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தர். அந்த அண்ணன் பெண்டாட்டிக்கு அக்கா மகன் இவன். தாய் தகப்பன் இல்லாமல் சித்தி வீட்டிலேயே வளர்ந்தவன். சித்தப்பாவுக்குத் தங்கச்சி என்ற முறையில், அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்தே இவள் அவனுக்கு அத்தை. கல்யாணத்தில் வந்த அத்தை முறை போயிருக்கலாம். சித்தப்பா வழியில் வந்த அத்தை எங்கே போவாள்? அந்தச் சித்தியும் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கு மிச்சமிருந்த உறவே இந்த ஒரு வீடுதான்.

ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு இதெல்லாம் ஓடவில்லை. அவன் மேடம் என்றால் தான் என்ன சொல்ல வேண்டும்? மாப்பிள்ளை என்றால் கேட்கிற நாலு பேர் சிரிப்பார்கள். பழையபடி வாடா என்றால் அவன் சங்கடப்படுவான்.

"சரிங்க சார். வெள்ளிக்கிழமை வாங்க," என்று சொல்லி, ரசீதும் கிழித்துக் கொடுத்துவிட்டாள். அவன் ஒரு நிமிஷம் ரசீதைப் பார்த்தான். போய்விட்டான்.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்குக் குழப்பம். ரெண்டு இன்ச் என்றால் ஆள் எவ்வளவு இளைத்திருக்கிறான்! சாப்பிடுகிறானா? சமைக்கத் தெரியாதே. சாப்பாடு கொடுத்தனுப்பினால் மகள் என்ன நினைப்பாள்? அனுப்பாவிட்டால் அவன் என்ன நினைப்பான்? பேண்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு அதற்கும் ஒரு யோசனை. கேட்டபடி ரெண்டு இன்ச் பிடித்தால் இளைத்துப்போனதை நாமே எடுத்துச் சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அவன் மனசு கஷ்டப்படக்கூடாது என்று ஒரே ஒரு இன்ச் மட்டும் பிடித்துத் தைத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

"நீ சார்னு சொன்னே பாரு, அதுல கோவிச்சுக்கிட்டான்," என்றாள் தங்கச்சி. "இல்லேன்னா அக்கா, ரசீது கொடுத்தியே, அதுல. ரெண்டுல ஒண்ணு."

"வந்தா உட்காருன்னு சொல்லு, போனா போயிட்டு வான்னு சொல்லு," என்றார் வீட்டுக்காரர். மில்லில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் முப்பது வருஷம் கேட்டுல நின்னு இதைத்தான் செஞ்சேன். இதுக்கு மேல என்னடி இருக்கு?"

"உங்க கேட்டும் என் மனசும் ஒண்ணா?"

கடைசியில் மகளுக்கே போன் போட்டாள். மழை, வெயில், பக்கத்து வீட்டு நாய் என்று ஊரைச் சுற்றி விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா, எனக்கும் அவருக்கும்தான் ஒத்துவரல. உனக்கும் அவருக்கும் என்ன சண்டை?" என்றாள் மகள். "எனக்கு வேலை இருக்கு, வெச்சுடறேன்."

இது சம்மதமா, எரிச்சலா? அதற்கும் அரை நாள் போனது. அவன் ஒரேயடியாக வராமல் போய்விடுவானோ என்ற பயம் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. பேண்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கடைக்கே கிளம்பினாள்.

முதலாளி கல்லாவில் இருந்தார். "என்னம்மா வேணும்?"

அவனைப் பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். "கண்ணாடி," என்றாள்.

"என்ன சைஸ்?"

நாளெல்லாம் டேப்பும் கையுமாக இருக்கிறவள், காற்றில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பிறகு கொஞ்சம் சுருக்கினாள்.

"ஜன்னலுக்கா, மூஞ்சி பார்க்கவா?"

அதற்குள் உள்ளேயிருந்து அவன் வந்தான். சட்டையெல்லாம் கண்ணாடித் தூள். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"தெரிஞ்சவங்களா?" என்றார் முதலாளி.

"கஸ்டமருங்க," என்று இவள் முந்திக்கொண்டாள். அதே மூச்சில் அவனும் சொன்னான், "எங்க அத்தைங்க."

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க," என்று எழுந்து போனார்.

"அப்புறம் எதுக்குடா மேடம்னே?"

"கடையில நாலு பேர் இருந்தாங்க. என்னால உங்களுக்குச் சங்கடம் வேணாமேன்னுதான். நீங்க சார்னு சொன்னதும், இனிமே வராதேன்னு சொல்றீங்கன்னு நினைச்சேன்."

அவள் பேண்ட் இருந்த பையை நீட்டினாள். அவன் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு, இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி திரும்பி வந்தான். கையை எடுத்தால் பேண்ட் கீழே வந்துவிடும்.

"ரெண்டு இன்ச்னு சொன்னேனே அத்தை."

"உன் மனசு நோகக்கூடாதுன்னு ஒண்ணுதான் பிடிச்சேன்."

"மனசுக்கு ஒண்ணுமில்ல. பேண்ட்தான் நிக்கமாட்டேங்குது." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. உட்கார வெச்சு ஒழுங்கா தச்சுத் தர்றேன். அப்படியே சாப்பிட்டுட்டுப் போ."

அவன் தயங்கினான். "அவ வந்திருந்தா?"

யோசிக்காத விஷயம் இது ஒன்றுதான். யோசிக்க இப்போது நேரமும் இல்லை. "வந்திருந்தா வந்திருப்பா. நீ வா."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு இதே யோசனைதான். சொன்னது சரியா தப்பா, மகளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா, சொன்னால் பெரிதாகிவிடுமா என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியில் நின்று கூடுதலாக அரிசி அளந்து போடுவதை வீட்டுக்காரர் பார்த்தார்.

"யார் வர்றா?"

"நம்ம..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"மாப்பிள்ளையா?"

"ஆமா. இல்ல. அது தெரியலங்க." அரிசியைக் களைய ஆரம்பித்தாள். "வர்றான். நாற்காலியைத் துடைச்சுப் போடுங்க."