கைப்பிள்ளை இருக்கா?

மில்லில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று சொன்னவள் எதிர்வீட்டு அக்கா. அவள் அங்கே நூல் சுற்றும் பகுதியில் இரண்டு வருடமாக இருந்தாள். பாரவண்டி கவிழ்ந்து இடுப்பொடிந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. பழங்காநத்தத்தில் எங்கள் அடுப்பு ஒருவேளை எரிந்தாலே பெரிய காரியம்.

"வேலை கெடைச்சிரும். ஆனா கைப்புள்ளைக்காரின்னு தெரிஞ்சா மேஸ்திரி வாசலோட அனுப்பிருவாரு" என்றாள் அக்கா. என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம்.

பிரசவித்த பெண்களுக்கு மில்லே படிப்பணம் கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த சமயம் அது. எங்கள் நல்லதுக்குப் போட்ட சட்டம்தான். அதற்குப் பிறகு மில் வாசலில் கேள்விகள் கூடிவிட்டன. நூலைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. புருஷன் கூட இருக்கிறானா, எத்தனை பிள்ளை, கடைசியாக வீட்டுக்கு விலக்கானது எப்போது, இவ்வளவும் ஆண்கள் நிற்கும் இடத்தில் வைத்துக் கேட்பார்கள். பால் கொடுக்கிறவள் வேலை நடுவில் வீட்டுக்கு ஓடுவாள் என்று அவர்களுக்குப் பயம். வாய்ச்சொல்லை நம்பாமல், ஒரு ஆயாவை விட்டு மாரைத் தொட்டும் பார்ப்பார்கள்.

அதற்கும் அக்காவிடம் வழி இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் கட்டிக்கொண்டால், எங்கள் பக்கம் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பால் வற்றிவிடும். என் பிள்ளை உயிரோடு இருக்கும்போதே நான் கட்டினேன். பூ வாட வாட மாற்றி, நான்கு நாள். மகள் என் சேலையைப் பிடித்து இழுத்து அழுதாள். மாமியார் அவளைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மேஸ்திரி முன்னால் நின்றேன். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"புள்ள குட்டி எத்தன, தாயி?"

"இல்லண்ணே."

"கல்யாணமாகி எம்புட்டு நாளாச்சு?"

"மூணு வருசம்."

"மூணு வருசமாவா இல்ல? கொற உம்மேலயா, அவன் மேலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "எம்மேலதாண்ணே" என்றேன். ஆயா தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். மறுநாளே வரச் சொன்னார்கள். உன் வாயில் மண் விழ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மாமியார் கஞ்சித் தண்ணீரும் ஆட்டுப்பாலும் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைக்குச் சேரவில்லை. மூன்றாவது வாரம் பேதி கண்டது. லீவு கேட்கலாம் என்று நினைத்தேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பது? இல்லாத பிள்ளைக்கா? மில் சங்கு ஊதியதும் கிளம்பினேன். மூன்று நாள் அப்படிப் போனேன். நான்காம் நாள் விடியும்போது அவள் போய்விட்டாள். இன்றும் எனக்கு முதல் ஆத்திரம் என் மேல்தான்; அதற்குப் பிறகுதான் மில்லின் மேல்.

அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். மேஸ்திரி வாசலிலேயே மறித்தார்.

"நேத்து ஏன் வரல?"

"பக்கத்து வீட்டுல ஒரு சின்னப்புள்ள தவறிப்போச்சு."

"அதுக்கு நீ எதுக்கு வேலைய விட்டு நிக்கணும்? உனக்கென்ன புள்ளையா, குட்டியா?"

"இல்லண்ணே" என்றேன். அன்றைக்கு நான் சொன்னது பொய் இல்லை.