பாக்கியலக்ஷ்மி அடித்த கரப்பான்கள்

மட்டாஞ்சேரியில் கரப்பான் இல்லாத வீடு உண்டு என்று யாராவது சொன்னால், அந்த ஆள் மட்டாஞ்சேரியைப் பார்த்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் சாக்கடை, நடுவே சுக்கும் மிளகும் அடைத்த கிடங்குகள், மிச்சமிருக்கும் இண்டு இடுக்கில் மனிதர்கள். பாக்கியலக்ஷ்மிக்குச் சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை. பகலெல்லாம் குனிந்து சுக்குப் பொறுக்கிவிட்டு வீட்டுக்கு வருகிறவள், கால் கழுவுவதற்கு முன்பே செருப்பைக் கையில் எடுத்துவிடுவாள். அவள் அடி தப்பியதாகச் சரித்திரம் இல்லை. அந்த வரிசை வீடுகளில் யார் வீட்டில் கரப்பான் பறந்தாலும் பாக்கியத்தைத்தான் கூப்பிடுவார்கள்.

அவள் புருஷன் இசக்கிதுரைக்கு மரமில்லில் வேலை. மலேசியாவிலிருந்து கப்பலில் வருகிற மரத்தடிகளை நாலு பேரோடு நின்று இழுத்து வாளுக்குக் கொடுக்கிற உடம்பு அது. அப்படிப்பட்ட மனுஷர் ஒரு கரப்பான் பறந்தால் கட்டில்மேல் ஏறி நின்றுகொள்வார். "அடி பாக்கியம், விடாத, அடி" என்று அங்கிருந்தபடி உத்தரவு போடுவார். அவள் அடித்துப் பெருக்கித் தள்ளிய பிறகுதான் இறங்குவார். இதைச் சொல்லிச் சொல்லிக் கிடங்குப் பெண்கள் சிரிப்பார்கள். பாக்கியத்துக்கும் உள்ளுக்குள் பெருமைதான். வேறெதற்கும் பயப்படாத ஆம்பிளை, தன்னை நம்பிக் கட்டில்மேல் நிற்கிறாரே என்று.

தொண்ணூற்றேழாம் வருஷ மழையில், மில்லில் தடி இழுத்துக்கொண்டிருந்த இசக்கிதுரை நடுவில் கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் அவருடையதாக இல்லை. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சத்தம். பா. தண்ணீர் வேண்டுமென்றாலும் பா, வலித்தாலும் பா, மகள் அம்மிணி களமசேரியிலிருந்து பார்க்க வந்தாலும் பா.

பாக்கியம் அசரவில்லை. ஒரே மாதத்தில் அந்தப் பாவுக்குள் இருந்த அத்தனையையும் படித்துவிட்டதாகச் சொன்னாள். இழுத்துச் சொன்னால் சாயா, வெட்டிச் சொன்னால் மூத்திரம், கையைத் தட்டிச் சொன்னால் காற்றாடியைப் போடு. மருமகன் ஒருநாள் மாமா என்ன கேட்கிறார் என்று விழித்தபோது அவள் அலட்சியமாகச் சிரித்தாள். "முப்பது வருஷமா குடும்பம் நடத்துறேன். எனக்குத் தெரியாதா?" என்றாள். சொன்ன கையோடு சாயாவைக் கொண்டுபோய் வைத்தாள். அவரும் குடித்தார்.

ஆனால் கேட்பதற்கு அவருக்கு நாளாக நாளாக ஒன்றுமில்லாமல் போனது. சோற்றைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொண்டார். ஜன்னல் பக்கம் படுக்கையைத் திருப்பிப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டார். மனுஷர் மெல்ல மெல்லக் கையை விட்டுப் போகிறார் என்பது பாக்கியத்துக்குத் தெரிந்தது. அதை நிறுத்துகிற வித்தைதான் தெரியவில்லை.

அப்போதுதான் மில்லில் கூட வேலை பார்த்த ஷிபு ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தான். தடியின் பட்டையை உரிக்கும்போது உள்ளே கூட்டமாக இருந்ததாம், அண்ணனுக்குக் காட்டலாமென்று அள்ளிக்கொண்டு வந்தானாம். இசக்கிதுரையின் இடது உள்ளங்கையில் ஒன்றை எடுத்து வைத்தான். கரிய, பளபளவென்ற உருண்டை, கழற்சிக்காயைவிடச் சின்னது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு மெதுவாகத் திறந்துகொண்டு, குட்டிக் கால்களால் கை ரேகை மேல் நடந்தது. அவர் விரலை அசைத்ததும் சட்டென்று மறுபடி உருண்டையானது. இசக்கிதுரை சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிய சிரிப்புதான். பாக்கியம் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து அவை அந்த வீட்டுப் பிள்ளைகள். உடைந்த மீன்தொட்டி ஒன்றை வாங்கி, ஷிபு கொடுத்த மரப்பட்டையும் காய்ந்த இலையும் போட்டு, கட்டிலோரம் அவர் கண்ணுக்கு நேராக வைத்தாள். மேலே கொசுவலைத் துணி கட்டினாள். பெரிசும் சிறிசுமாக ஒரு கை கொள்ளாத அளவு இருந்தன. பழத்துண்டு போட்டால் தின்றன. அவர் பகலெல்லாம் தொட்டியையே பார்த்துக் கிடந்தார், அவை தின்னும்போது தானும் ரெண்டு வாய் வாங்கிக்கொண்டார். பாக்கியத்துக்கு வேறென்ன வேண்டும்? அது இன்ன பூச்சி என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஷிபு தேரட்டை என்றான், நம் ஊர் மரவட்டையின் மலையாளப் பெயர் அது. மகள் வண்டு என்றாள். பக்கத்து வீட்டு சரோஜம்மா, என்னவாயிருந்தாலும் கிட்டக் கொண்டுவராதே என்றாள்.

சில வாரம் போனது. ஒரு காலை பாக்கியம் தொட்டிக்குள் பார்த்தால், இலைமேல் ஒரு கரப்பான் உட்கார்ந்திருந்தது. சிறகு வைத்த, சாதாரணக் கரப்பான், கொஞ்சம் கருப்பு. பக்கத்தில் சின்ன உருண்டை ஒன்றின் வெறும் தோல் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பாவி, பச்சைப்பிள்ளையைத் தின்றுவிட்டுத் தோலை மட்டும் துப்பியிருக்கிறது என்று நினைத்தாள். வலையை விலக்கி அதைத் தரையில் தட்டிவிட்டுச் செருப்பை எடுத்தாள். கட்டிலில் இசக்கிதுரை இடது கையால் சட்டத்தை அடித்துக்கொண்டு கத்தினார். பா, பா, பா.

பழைய நாள் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. கட்டில்மேல் ஏறி நிற்க முடியாவிட்டாலும் மனுஷருக்குக் குரல் போகவில்லையே. "இந்தா, அடிச்சிட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

பிறகு வலைத் துணியை ரெட்டையாக மடித்துக் கட்டினாள். அப்படியும் வந்தது. இன்னொரு சின்னது காணோம், இன்னொரு வெறும் தோல், இன்னொரு கரப்பான். தொட்டியின் விரிசலை அரக்கு வைத்து அடைத்தாள். அப்படியும் எங்கிருந்தோ வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் அடித்தாள், ஒவ்வொரு தடவையும் அவர் தொண்டை கிழியக் கத்தினார். கடைசியில் கத்தும்போது கண்ணில் நீர் வந்தது. இவ்வளவு பயமா என்று அவர் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள்.

பெரியவை தானாகவும் ஒன்றிரண்டு செத்தன. குட்டி ஒன்றும் புதிதாகப் பிறக்கவில்லை. ஷிபுவைக் கேட்டால், அந்தக் கப்பல் தடியெல்லாம் அறுத்து முடிந்துவிட்டது, புதுத் தடியில் ஒன்றும் இல்லை, மில்லையே மூடப் போகிறார்கள் என்றான். தொட்டி காலியாகிவிட்டால் பிறகு அவர் எதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்? மாட்டு டாக்டரிடம் போய் நின்றாள். அவர், தான் ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் டாக்டர், எர்ணாகுளத்தில் கல்லூரியில் பூச்சி படித்தவர்கள் இருப்பார்கள், போய்க் கேளுங்கள் என்று அனுப்பினார்.

கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு, பெரிய உருண்டைகளை எல்லாம் தூக்குவாளியில் இலை போட்டு எடுத்துக்கொண்டாள். மிஞ்சியிருந்த ஒரே சின்னதைத் தொட்டியிலேயே விட்டாள். அவர் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே. சரோஜம்மாவைக் கூப்பிட்டுக் கட்டிலோரம் உட்காரவைத்து, "கரப்பான் வந்தா விட்ராத. அவரு கத்துவாரு, உடனே அடிச்சிரு" என்று செருப்பையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் படகேறினாள்.

கல்லூரியில் சுனிதா என்று ஒரு டீச்சர். சின்ன வயசு, நல்ல மாதிரி. தூக்குவாளியைத் திறந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாளாம். எந்த இனம் என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இது மரவட்டை இல்லை, வண்டும் இல்லை, ஒருவகைப் பாற்ற, அதாவது கரப்பான், என்றாள். பாக்கியம் நம்பவில்லை. டீச்சர் ஒன்றை மல்லாத்தி, மெல்லிய தூரிகையால் பிடித்துக்கொண்டு, வால் பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். கடைசித் தகடு அகலமாக இருக்கிறது, இது பெண் என்றாள். அடுத்ததும் பெண். வாளியில் இருந்தது அத்தனையும் பெண். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டி ஏதும் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

"ஆண் எதும் கண்டில்லையா சேச்சி? ஆணுக்குத்தான் சிறகு. பார்த்தா வீட்டுல ஓடற பாற்ற மாதிரியே இருக்கும்" என்றாள் டீச்சர்.

பாக்கியம் தூக்குவாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். சின்னதாக இருக்கும்போது ஆணும் பெண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்குமாம். கடைசித் தடவை தோல் உரிக்கும்போதுதான் ஆணுக்குச் சிறகு வருமாம். பக்கத்தில் அந்தப் பழைய தோல் கிடக்குமாம்.

"டீச்சரே, அதையெல்லாம் நான் அடிச்சுக் கொன்னுட்டேன்" என்றாள் பாக்கியம்.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வீட்டில் சின்னது இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். ஒன்று இருக்கிறது என்றதும், அது ஆணாக மாறினாலும் மாறலாம், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

திரும்புகிற படகில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. அவர் பகலெல்லாம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர். தோலைப் பிளந்துகொண்டு சிறகோடு ஒன்று வெளியே வருவதை அவர் பார்த்திருப்பார். பெரிய உருண்டையின் பக்கத்தில் அது போய் நின்றதையும் பார்த்திருப்பார். பா, பா என்று கத்தினது அடி என்றா? தூக்குவாளியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். படகு எப்போதும் போகிற வேகத்தில்தான் போனது. அந்த ஒரு சின்னது, அது ஆணாக மட்டும் இருக்கட்டும், இன்னும் தோலுரிக்காமல் இருக்கட்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். படகுத்துறையிலிருந்து ஓடினாள் என்றே சொல்ல வேண்டும்.

சரோஜம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நீ சொன்னது சரிதான் பாக்கியம். அண்ணாச்சி கெடந்து கத்துனாரு பாத்துக்கோ. எட்டிப் பாத்தா உள்ள ஒரு பாற்ற. நீ அடிக்கிற மாதிரியே ஒரே அடி" என்றாள்.

அவளை என்ன சொல்வது? செருப்பை எடுத்துக் கொடுத்தவளே பாக்கியம்தான். நல்லதாயிற்று என்றாள், சாயா போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள். தொட்டிக்குள் வெறும் தோல் ஒன்று இலைமேல் கிடந்தது.

இசக்கிதுரை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். பாக்கியம் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, டீச்சர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். உருண்டைகளைத் திரும்பத் தொட்டியில் விட்டாள். அவர் பார்க்கவில்லை.

"இஞ்ச பாருங்க. அடிக்காதன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

 அவர் சுவரைப் பார்த்தபடியே, தணிந்த குரலில், "பா" என்றார்.

இழுக்கவுமில்லை, வெட்டவுமில்லை. கையைத் தட்டவுமில்லை. ஆமாம் என்றாரா, போ என்றாரா, போகட்டும் விடு என்றாரா, பாக்கியலக்ஷ்மிக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இத்தனை நாள் சாயா என்று தான் கொண்டுபோய் வைத்தபோதெல்லாம் அவர் கேட்டது சாயாதானா என்பதும் தனக்குத் தெரியாது. கொடுத்ததை அவர் குடித்தார், அவ்வளவுதான்.