ரமணி வெட்டித் தந்த பாதி ஸ்ட்ரிப்

முதலில் வந்தது தாகம். கல்லூரி விட்டு மட்டாஞ்சேரிக்குப் படகில் திரும்புவேன். சுற்றிலும் காயல் (உப்பங்கழி) நீர், எனக்கோ நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொன்னதும் அம்மா அழுதாள். வேதியியல் மாணவியான நான், சோதனைக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன்.

"லேபுக்கு ஓடண்டா மோளே, வீட்லயே நோக்கிக்கோ" என்றார் அந்த மலையாள டாக்டர்.

பெனடிக்ட் கரைசல் (சர்க்கரை பட்டால் நிறம் மாறும் நீல மருந்து), சில சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கு. கொதித்தும் நீலமாக நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறமானால் மோசம். கொல்லைப்புறத்தில் சோதனைக்குழாயும் கையுமாக நிற்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, ரமணி வரும்வரை.

ரமணி என் மாமா பெண். சுள்ளிக்கல்லில் வீடு, எனக்கு இருக்கும் அதே நோய். மாமா கல்ஃபிலிருந்து அவளுக்கு ஸ்ட்ரிப் (ரத்தச் சர்க்கரை காட்டும் பட்டை) கொண்டுவந்திருந்தார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். அதைப் பட்டையில் வைத்து, ஒரு நிமிஷம் கழித்துக் கழுவி, குப்பி மேலுள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டியதுதான். தீ இல்லை, வாடை இல்லை.

"உன்னோடது சாம்பார் கொதிக்கறாப்பல இருக்குடீ" என்று சிரித்தாள்.

எனக்கு எரிந்தது. அந்தக் குப்பி மேல், அவளுக்குக் கல்ஃபில் இருக்கும் அப்பா மேல், குத்திக் குத்திப் புண்ணான அவள் விரல்கள் மேல்கூடப் பொறாமை.

ஒரு மத்தியானம் பரீட்சை முடிந்து, படகு தாமதமாகி, பசியோடு வீடு வந்தேன். ரமணி வந்திருந்தாள். சாப்பிடுமுன் சோதித்தேன். செங்கல் நிறம். அப்படியானால் கூடுதல் ஊசி என்பது டாக்டர் சொன்ன விதி. மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசி இறங்காமல் வழுக்கியது.

"கை நடுங்கி வெறைக்கறது பாரு. ஊசி போடாதே, சித்த நில்லு."

"உன் ஸ்ட்ரிப் ஒண்ணும் நேக்கு வேண்டாம்."

"முழுசா யார் தரா? பாதிதான்." கத்திரிக்கோலால் நீளவாட்டில் வெட்டினாள். அவளும் மிச்சம் பிடித்துத்தான் வாழ்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

என் விரலைக் குத்தி, சொட்டு ரத்தம் வைத்துக் கழுவிப் பார்த்தால் நிறம் ஏறவே இல்லை. ஹைப்போ (ரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கிப்போதல்). அம்மா சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள். ஊசி போட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ.

"காலைலேர்ந்து தங்கின மூத்திரமல்லே அது?" என்றார் டாக்டர், விஷயம் கேட்டதும். "அதை ஒழிச்சுக் கள. அர மணிக்கூர் கழிஞ்சு வர்றதை நோக்கு. வெறையல் வந்தா சோதிக்க நிக்கண்டா, முதல்ல சர்க்கரை தின்னு."

புதிதாக இந்த நோய்க்கு வந்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான். குழாய் பொய் சொல்வதில்லை, பழைய சேதி சொல்கிறது. காலை இட்லியின் சர்க்கரை மத்தியானம் வந்து நிறம் காட்டும். அதற்குள் உடம்பு வேறெங்கோ போயிருக்கும்.

இப்போது விளக்கேற்றுமுன் நடுங்குகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கிறேன். அந்த அரை மணி நேரம் கொல்லைப் படியில் உட்கார்ந்து, சற்று முன்பிருந்த நான் கழிந்து இப்போதிருக்கும் நான் வந்து சேரக் காத்திருக்கிறேன். ரமணிக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. உயிரைக் காத்தவள்தான். ஆனாலும் அவள் பையில் அந்தக் குப்பி குலுங்கும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் எரிகிறது.