ஊர் முழுக்க ஒரே படத்தில்

அக்கா ஜீப்பின் மேல் ஏறி நின்றுகொண்டு ஊர்க்கவுண்டரைப் பார்த்து, "மூஞ்சியைக் கொஞ்சம் தூக்குங்க, தலைப்பாகை நெழல் வுழுது" என்று சொன்னாளே, அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பதினோரு ஆண்டுகளாக அந்த ஊர் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் அங்கே கால் வைத்ததில்லை. அப்படிப்பட்டவள் சொன்னதும் கவுண்டர் மறுபேச்சில்லாமல் முகத்தைத் தூக்கினார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் என்னோடு ஒரே அறையில் ஸ்டூடியோ வைத்திருந்தவள், என்னைவிட மூன்று வயது பெரியவள். நான் திருப்பத்தூர்க்காரி. தெருவுக்குத் தெரு ஸ்டூடியோ இருக்கும் ஊரில் புதிதாகக் கேமரா தூக்கிய பெண்ணை யார் கூப்பிடுவார்கள் என்று மலையேறினேன். இங்கே நான்தான் முதல் ஆள் என்று எனக்குக் கொஞ்சம் மிதப்புகூட இருந்தது. சாவி வாங்கப் போனால், வீட்டுக்காரர் அதே அறையில் பாதியை அக்காவுக்கும் பேசிவிட்டிருந்தார். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே கதவின் மேல் இரண்டு பலகைகள் ஏறின. ஜன்னல் அவள் பக்கம், கரண்ட் பாயிண்ட் என் பக்கம். கரண்ட் போனால் என் விளக்குகள் சும்மா நிற்கும், அவள் ஜன்னல் வெளிச்சத்தில் ஜம்மென்று படம் எடுத்துக்கொண்டிருப்பாள். எனக்கு வயிறு எரியும். வருகிற ஆட்களை ஆளுக்கொருவராக முறை வைத்துப் பிரித்துக்கொண்டோம். கைக்குழந்தையோடு வரும் தாய் ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல்கூட இருந்திருக்கிறோம்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு பொருள், பெரிய கூட்டத்தை ஒரே படத்தில் அடக்கும் அகல லென்ஸ். சேர்ந்து வாங்கியது. யாருக்கு வேண்டுமானாலும் இரண்டு நாள் முன்னால் சொல்ல வேண்டும், எந்த ஊருக்கு என்றும் சொல்ல வேண்டும். அந்த நிபந்தனைதான் என்னை மாட்டிவிட்டது.

ஒரு மலைக்கிராமத்திலிருந்து எனக்கு வேலை வந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அம்மன் திருவிழா. குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்கள், திருப்பூருக்குப் போனவர்கள் எல்லாரும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். ஊரில் ஒருத்தர் விடாமல் ஒரே படத்தில் வேண்டும் என்றார் கவுண்டர். அது அக்கா பிறந்த ஊர். மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டதற்காக அவளைத் தள்ளி வைத்த ஊர். பள்ளிக்கூடத்துப் படம் என்று பொய் சொல்லி லென்ஸை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

அக்கா கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

"நானும் வர்றேன். எடுக்கிறவ படத்துல வுழ மாட்டா. யாரு இன்னா சொல்ல முடியும்?"

அவள் நேரில் பார்க்காத அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றாவது ஒருமுறை பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. வேலை என்னுடையதுதான், ஆனாலும் கேமராவை அவளிடமே கொடுத்துவிட முடிவு செய்தேன்.

கோயில் மைதானத்தில் அக்காவைப் பார்த்ததும் சலசலப்பு அடங்கியது. வாங்க என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் நேராக நாங்கள் வந்த ஜீப்பின் மேல் ஏறினாள், பின்னாலேயே நானும் ஏறினேன். ஏறியதுதான் தாமதம், அக்கா வேறு ஆளாகிவிட்டாள். உயரமானவர்களைப் பின்னால் தள்ளினாள், கைபேசி பார்த்தவர்களை அதட்டினாள். அத்தனை பேரும் அவள் கை காட்டிய பக்கமெல்லாம் நகர்ந்தார்கள். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

யாரும் விடுபடவில்லையே என்று பார்க்கக் கவுண்டர் வீடு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார். பொங்கல் பங்குக்குத் தலை எண்ணுகிற அதே முறை. வீட்டுப் பெயரைச் சொன்னால், அந்த வீட்டு ஆண் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். அக்காவின் அண்ணன் வீடு வந்தது. அங்கே நின்றது அவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள்.

"அஞ்சு" என்றார் அண்ணன்.

கவுண்டர் திரும்பிப் பார்த்தார். "அஞ்சா?"

"அஞ்சு."

கவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான், முடிந்தது. ஐந்தாவது ஆள் அக்கா என்று எனக்குப் புரியவே சில நொடிகள் ஆயின. புரிந்ததும் அக்காவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அவள் கேமராவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "இருடி, ஃபோகஸ் பாத்துனு இருக்கேன்" என்றாள். பக்கவாட்டில் பார்த்தேன், கண்ணை இறுக மூடியிருந்தாள்.

பிறகு கேமராவை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனாள். அண்ணன் மனைவி நகர்ந்து இடம் விட்டாள். சின்னப் பிள்ளை யாரென்று தெரியாமலே அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டதை லென்ஸ் வழியாகப் பார்த்தேன். மளமளவென்று ஆறு படம் எடுத்தேன். நடுவில் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பின்வரிசை மங்கிவிடுமே என்று அங்கிருந்தே அப்பர்ச்சரை எட்டில் வைக்கச் சொல்லிக் கத்தினாள். கவுண்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"பேசாத நில்லும்மா, படம் ஆடிப்பூடும்."

பதினோரு ஆண்டுக்குப் பிறகு அந்த ஊர் அவளிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

தன் மகள் படிப்புக்காக அக்கா திருப்பத்தூருக்கே போய்விட்டாள். இன்று ஜன்னலும் எனக்குத்தான், கரண்ட் பாயிண்டும் எனக்குத்தான். சண்டை போட ஆளில்லாமல் அறை ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. அன்று மாலை இந்த அறையில்தான் ஆறு படங்களையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். ஐந்து பழுதில்லாமல் இருந்தன. ஒன்றில் மட்டும் அக்காவின் முகம் ஆடி மங்கியிருந்தது, கவுண்டர் கேமராவைப் பார்க்காமல் வாயைத் திறந்தபடி அவள் பக்கம் திரும்பியிருந்தார். எந்த ஸ்டூடியோக்காரரும் உடனே அழித்துவிடுகிற படம். அழிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள் அக்கா.

"ஊருக்கு நல்லதா ஒண்ணு குடு. எங்க வூட்டுக்கு இது."